ஜீனா ஊரும் அந்த மரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், அலெக்சாண்ட்ரியா நகரில் பல ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். இங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம் ஜீனாவுக்கு. 2006-ஆம் ஆண்டு அந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் தொடங்கிய விவகாரத்தைப் பற்றி, புதிதாக இங்கே வேலைக்கு வரும் நம் பிள்ளைகளும் ஊரிலிருந்து பேசும் உறவினர்களும் ஒரே மாதிரியான சந்தேகங்களைக் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி, கடைசியில் எழுதிவைத்துவிட்டேன். சம்பந்தப்பட்ட மாணவர்கள் அப்போது பதின்ம வயதுப் பிள்ளைகள். அதனால் அவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். ஒருவரை மட்டும் கடைசியில் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறேன். அதற்கான காரணம் அங்கேயே இருக்கிறது.

ஜீனா எப்படிப்பட்ட ஊர்?

மற்ற மாநிலங்களில் கவுன்ட்டி என்று சொல்லும் பிரிவை லூசியானாவில் பாரிஷ் என்பார்கள். லாசால் பாரிஷின் தலைமை ஊர் ஜீனா. 2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்கள்தொகை 3,000-க்குச் சற்றுக் குறைவு. நூற்றுக்கு 85 பேர் வெள்ளையர், 12 பேர் கறுப்பினத்தவர். சுற்றிலும் பைன் காடு. மரத் தொழிலும் எண்ணெய்க் கிணறுகளும்தான் நெடுங்காலம் பிழைப்பைத் தந்தவை.

இன்னொன்றையும் இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நீதிபதி, குற்ற வழக்கு தொடுக்கும் மாவட்ட அரசு வழக்குரைஞர், காவல் அதிகாரியான ஷெரிஃப், பள்ளி வாரிய உறுப்பினர்கள் எல்லோரும் தேர்தலில் நின்று வருகிறவர்கள். நூற்றுக்கு 12 பேராக இருக்கும் மக்களின் ஓட்டு இல்லாமலேயே இவர்களில் பெரும்பாலோர் ஜெயித்துவிட முடியும். கீழே வரும் பல பதில்களுக்கு இதுதான் வேர்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், என்னதான் நடந்தது?

2006 ஆகஸ்ட் கடைசி நாள். பள்ளிக் கூட்டம் ஒன்றில் ஒரு கறுப்பின மாணவர் எழுந்து, முற்றத்து மரத்தடியில் தாங்களும் உட்காரலாமா என்று தலைமையாசிரியரிடம் கேட்டார். எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்று பதில் வந்தது. மறுநாள் காலை அந்த மரத்தில் தூக்குச் சுருக்குகள் தொங்கின. கட்டியவர்கள் வெள்ளை மாணவர்கள். அவர்களைப் பள்ளியிலிருந்து நீக்க வேண்டும் என்று தலைமையாசிரியர் பரிந்துரைத்தார். மேலிடம் அதைத் தற்காலிக இடைநீக்கமாகக் குறைத்துவிட்டது.

அடுத்த மூன்று மாதங்கள் ஊர் புகைந்துகொண்டே இருந்தது. டிசம்பர் 4 அன்று பள்ளி வளாகத்தில் ஒரு வெள்ளை மாணவரைக் கறுப்பின மாணவர்கள் தாக்கினார்கள். ஆறு பேர் கைதானார்கள். ஐந்து பேர் மீது கொலை முயற்சி வழக்குப் பதிவானது; ஆறாமவர் மீது சிறார் வழக்கு. உலகம் அந்த ஆறு பேரையும் 'ஜீனா ஆறுவர்' என்று அழைத்தது. 2007 செப்டம்பர் 20 அன்று, அந்தச் சின்ன ஊருக்குள் அதன் மக்கள்தொகையைப் போலப் பல மடங்கு கூட்டம் நியாயம் கேட்டு வந்தது.

மரத்தடியில் உட்கார யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? அப்படி ஏதாவது சட்டம் இருந்ததா?

இல்லை. பள்ளிகளில் நிறத்தைக் காட்டிப் பிள்ளைகளைப் பிரிப்பது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954-இலேயே சொல்லிவிட்டது. தென் மாநிலங்களின் பல ஊர்கள் அதை நிறைவேற்ற ஏறத்தாழ 1970 வரை இழுத்தடித்தன. ஒரே கட்டடத்தில் படிக்க வைத்த பிறகும், மணி அடித்து வெளியே வந்தால் யார் எங்கே கூடுவது என்பதை வழக்கம் தீர்மானித்தது.

அந்த மரத்தடி வெள்ளை மாணவர்களுக்கு மட்டுமே உரியது என்று முதலில் செய்தி பரவியது. எப்போதாவது இரு தரப்பும் அங்கே உட்கார்ந்ததுண்டு என்று பள்ளித் தரப்பினர் மறுத்தார்கள். மாணவர் அந்தக் கேள்வியை வேடிக்கையாகக் கேட்டார் என்றும் சொல்கிறார்கள். வேடிக்கையாகவே இருக்கட்டும். எல்லோருக்கும் பொதுவான நிழலாக இருந்தால், அதில் உட்காரலாமா என்று வேடிக்கைக்குக்கூட யாரும் கேட்கப்போவதில்லை.

கயிறு தொங்கவிட்டதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள்? பிள்ளைகள் விளையாட்டுத்தானே?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். நம்மூரில் தூக்குக் கயிறு என்றால் தற்கொலையோ மரண தண்டனையோ நினைவுக்கு வரும். இங்கே வேறு. அடிமை முறை ஒழிந்த பிறகு, கறுப்பின மக்களை அடக்கிவைக்க வெள்ளைக் கும்பல்கள் வழக்கோ விசாரணையோ இல்லாமல் அவர்களைப் பிடித்துப்போய் மரத்தில் தொங்கவிட்டன. கூட்டம் கூடி வேடிக்கை பார்த்தது. புகைப்படம் எடுத்து அஞ்சலட்டையாக விற்றார்கள். 1877 முதல் 1950 வரை இப்படிக் கொல்லப்பட்டவர்களாக 4,400-க்கும் மேற்பட்டோரைச் சம நீதி முன்முயற்சி என்ற அமைப்பு ஆவணப்படுத்தியிருக்கிறது. இந்தக் கொடுமையைக் கூட்டாட்சிச் சட்டத்தில் தனிக் குற்றமாகச் சேர்க்க 2022 வரை ஆயிற்று.

இந்த வரலாறு புத்தகத்தில் மட்டும் இருப்பதில்லை. என்னோடு வேலை பார்க்கும் மூத்த பெண்மணி ஒருவர், இந்தப் பேச்சு வந்தபோது குரலைத் தாழ்த்திக்கொண்டார். அறையில் எங்களைத் தவிர யாருமே இல்லை. அவருடைய பாட்டி இதைப் பற்றி எப்போதும் அப்படித்தான் பேசுவாராம். அந்தத் தாழ்ந்த குரல் பேத்திக்கும் வந்துவிட்டது. உட்காரலாமா என்று கேட்ட மறுநாளே அதே மரத்தில் சுருக்கு தொங்கினால், அந்தக் குடும்பங்களுக்கு அதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. கயிறு கட்டிய பையன்களுக்கு இந்த வரலாறு தெரியாது என்றார்கள் அதிகாரிகள். தெரியாமல் இருந்திருக்கலாம். தெரிந்த பெரியவர்கள் ஊரில் எத்தனையோ பேர் இருந்தார்கள். அதைத் தீர்த்துவைக்க வேண்டிய இடத்திலேயே இருந்தார்கள்.

கறுப்பினப் பெற்றோர்கள் முறைப்படி புகார் செய்யவில்லையா?

செய்தார்கள். தேவாலயத்தில் கூடிப் பேசினார்கள். பள்ளி வாரியத்திடம் போனார்கள். முதலில் பேச வாய்ப்புத் தரவில்லை. பிறகு தந்தபோது, விஷயம் முடிந்துவிட்டது என்று வாரியம் விவாதிக்க மறுத்தது. மாணவர்கள் மரத்தடியில் அமைதியாகத் திரண்டு நின்றும் பார்த்தார்கள்.

அதற்குக் கிடைத்த பதில், காவலர்கள் சூழ நடந்த ஒரு பள்ளிக் கூட்டம். மாவட்ட அரசு வழக்குரைஞர் ரீட் வால்டர்ஸ் அங்கே பேசினார். தான் நினைத்தால் ஒரு பேனாக் கோட்டில் உங்கள் வாழ்க்கையை இல்லாமல் ஆக்கிவிட முடியும் என்ற பொருளில், தங்கள் பக்கம் பார்த்தே அவர் சொன்னதாகக் கறுப்பின மாணவர்கள் கூறினார்கள். அவர்களைக் குறிவைத்துச் சொல்லவில்லை என்று அவர் மறுத்தார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. பள்ளி வாரியத்தின் சட்ட ஆலோசகரும் அவரே என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

கயிறு செப்டம்பரில், அடி டிசம்பரில். இரண்டுக்கும் எப்படி முடிச்சுப் போடுகிறீர்கள்?

இடையில் நடந்தவற்றைப் பாருங்கள். நவம்பர் 30 அன்று பள்ளியின் முதன்மைக் கட்டடம் தீக்கிரையானது. மறுநாள் இரவு, வெள்ளையர்கள் பெரும்பாலும் இருந்த ஒரு விருந்துக்குப் போன கறுப்பின மாணவர் ஒருவர் அடிபட்டார். அவரை அடித்த வெள்ளையருக்குச் சாதாரணத் தாக்குதல் வழக்கும் நன்னடத்தைக் கண்காணிப்பும்தான். அதற்கு அடுத்த நாள், கடை ஒன்றின் வாசலில் ஒரு வெள்ளை இளைஞர் துப்பாக்கியை எடுக்க, அதே மாணவரும் நண்பர்களும் மல்லுக்கட்டி அதைப் பிடுங்கினார்கள். நடந்தது என்ன என்பதில் இரு தரப்பும் முரண்பட்டன. துப்பாக்கியைத் திருடியதாக வழக்குப் பாய்ந்தது பிடுங்கியவர்கள் மேல். எடுத்தவர் மேல் வழக்கில்லை. இரண்டு நாள் கழித்து, திங்கட்கிழமை, பள்ளியில் அந்தத் தாக்குதல்.

லூசியானா மேற்கு மாவட்டத்தின் கூட்டாட்சி அரசு வழக்குரைஞர் டொனால்டு வாஷிங்டன், அவரே கறுப்பினத்தவர், கயிறுக்கும் தாக்குதலுக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாகத் தன் விசாரணையில் தெரியவில்லை என்றார். அதை மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை. மறுக்க வேண்டிய தேவையும் இல்லை. கயிறு அடியை நியாயமாக்கிவிட்டது என்பது என் வாதம் அல்ல. கயிறு, விருந்து, துப்பாக்கி, பள்ளித் தாக்குதல் என நான்கு சம்பவங்கள். நான்கையும் எடைபோட்டது ஒரே ஊரின் ஒரே கை. அந்தத் தராசைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

அக்கா, ஆறு பேர் சேர்ந்து ஒருவனை அடித்திருக்கிறார்கள். அவர்களுக்காகவா இத்தனை பேர் ஊர்வலம் போனார்கள்?

இந்தக் கேள்வி நேர்மையானது. தட்டிக்கழிக்கக் கூடாது. அடிபட்ட மாணவர் நினைவிழந்து விழுந்தார். விழுந்த பிறகும் உதைத்தார்கள். தலையில் அதிர்ச்சிக் காயம், ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டது. மருத்துவமனையில் சில மணி நேரம் வைத்திருந்து அனுப்பினார்கள். அன்று மாலை பள்ளி நிகழ்ச்சி ஒன்றுக்கு வந்துபோனார். மாலையில் வந்தாரே என்று சொல்லி அவருடைய வலியைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. கயிறு கட்டியவர்களில் அவர் இல்லை. அவர் இனவெறிச் சொல் எதையும் சொல்லி நாங்கள் கேட்கவில்லை என்று குற்றம் சாட்டப்பட்டவர்கள் சார்பிலேயே பின்னர் நீதிமன்றத்தில் ஓர் அறிக்கை வாசிக்கப்பட்டது.

ஊர்வலம் வந்தவர்களில் பெரும்பாலோர் அவர்களை விட்டுவிடுங்கள் என்று கேட்கவில்லை. அடித்ததற்கு அடித்த குற்றத்தின் தண்டனையைக் கொடுங்கள் என்றுதான் கேட்டார்கள். பள்ளிச் சண்டைக்குப் பள்ளிச் சண்டைக்குரிய வழக்கு. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, விருந்தில் விழுந்த அடிக்கு, அந்த ஊருக்கு அப்படி வழக்குப் போடத் தெரிந்திருந்தது.

சரி, அடிதடி வழக்கு எப்படிக் கொலை முயற்சி ஆனது?

இங்கே எந்தக் குற்றச்சாட்டைப் பதிவது என்பதில் மாவட்ட அரசு வழக்குரைஞரின் கையே ஓங்கியிருக்கும். ஒரே அடிக்குச் சில மாதச் சிறை தரும் பிரிவும் இருக்கிறது, பல பத்தாண்டு தரும் பிரிவும் இருக்கிறது. வால்டர்ஸ் தேர்ந்தெடுத்தது இரண்டாம் நிலைக் கொலை முயற்சி. லூசியானாச் சட்டப்படி 10 முதல் 50 ஆண்டு வரை கடுங்காவல். கூடவே சதிக் குற்றச்சாட்டு. ஜாமீன் தொகை ஒருவருக்கு 70,000 டாலரிலிருந்து 1,38,000 டாலர் வரை. மரம் அறுத்தும் கூலிக்குப் போயும் வாழும் குடும்பங்களுக்கு அந்தத் தொகையே ஒரு சிறைவாசம்.

முதலில் விசாரணைக்கு வந்தவர் சம்பவத்தின்போது 16 வயது நிரம்பிய மாணவர். பள்ளியின் கால்பந்து நட்சத்திரம். 2007 ஜூனில் விசாரணை தொடங்கும் நேரத்தில் குற்றச்சாட்டு ஆயுதத் தாக்குதலாகக் குறைக்கப்பட்டது. ஆயுதம் எது? அவர் காலில் கிடந்த விளையாட்டுக் காலணி. காலணியை ஆபத்தான ஆயுதம் என்று நடுவர்கள், அதாவது குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்ல ஊர் மக்களிலிருந்து அழைக்கப்படுகிறவர்கள், ஏற்றுக்கொண்டார்கள். 22 ஆண்டு வரை சிறை கிடைக்கும் நிலைமை. இந்த மாணவர் மேல் முன்பே சிறார் நீதிமன்ற வழக்குகள் இருந்தன, கண்காணிப்பிலும் இருந்தார். இதை மறைத்துச் சொல்கிறவர்கள் அவருக்கே கெடுதல் செய்கிறார்கள் என்பது என் எண்ணம். அது தண்டனையைக் கூட்டக் காரணம் ஆகலாம். காலணியை ஆயுதம் ஆக்காது.

நடுவர் குழுவில் எல்லோரும் வெள்ளையராமே? திட்டமிட்டுச் செய்ததா?

ஆறு நடுவர்கள், ஆறு பேரும் வெள்ளையர். சுமார் 150 பேருக்கு அழைப்புப் போனது. வந்தவர்கள் 50 பேர் அளவில். வந்தவர்களில் ஒருவர்கூடக் கறுப்பினத்தவர் இல்லை. யாரோ உட்கார்ந்து சூழ்ச்சி செய்ததாகக் காட்ட முடியாது. முதல் பதிலில் சொன்ன எண்ணிக்கையே போதும்.

எனக்கு இதைவிட உறுத்துவது வேறொன்று. அவருக்கு அரசு நியமித்த வக்கீல், நடுவர் குழு இப்படி அமைந்ததை எதிர்த்துப் போராடவில்லை. தன் தரப்பில் ஒரு சாட்சியைக்கூட அழைக்கவில்லை. அந்த வக்கீலும் கறுப்பினத்தவர்தான். கையில் காசில்லாதவனுக்கு வாய்க்கும் வாதம் எப்படி இருக்கும் என்பது நிறத்தை மட்டும் பார்த்தால் புரியாது.

அந்தத் தீர்ப்பு பிறகு எப்படி ரத்தானது?

சட்ட நுணுக்கமான ஆனால் அழகான காரணம். லூசியானாவில் 16 வயதுக்காரரைப் பெரியவர்களின் நீதிமன்றத்துக்கு அனுப்பச் சில கொடிய குற்றங்கள் மட்டுமே போதுமானவை. கொலை முயற்சி அந்தப் பட்டியலில் உண்டு, தாக்குதல் இல்லை. குற்றச்சாட்டைக் குறைத்த அந்த நிமிடமே வழக்கு சிறார் நீதிமன்றத்துக்குப் போயிருக்க வேண்டும். சதிக் குற்றத் தீர்ப்பை நீதிபதியே முதலில் ரத்து செய்தார். தாக்குதல் தீர்ப்பை 2007 செப்டம்பர் 14 அன்று மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குள் பையன் ஒன்பது மாதம் சிறையில் கழித்துவிட்டான்.

அந்த டிசம்பரில் சிறார் நீதிமன்றத்தில் தாக்குதல் குற்றத்தை ஒப்புக்கொண்டான். 18 மாதம், உள்ளே இருந்த நாட்கள் கழிக்கப்பட்டன.

மற்ற ஐந்து பேர்?

2009 ஜூன் 26 அன்று முடிந்தது. சாதாரணத் தாக்குதல் என்ற சிறு குற்றத்தை அவர்கள் எதிர்த்து வாதிடவில்லை. 500 டாலர் அபராதம், ஏழு நாள் நன்னடத்தை, அதுவும் அதிகாரி மேற்பார்வை இல்லாமல். தாக்கப்பட்டவர் குடும்பத்தோடும் தனியாகச் சமரசம் ஆயிற்று. இந்த இடைக்காலத்தில், மாணவர்களைப் பற்றி வெளியே கடுமையாகப் பேசியதற்காக முதல் நீதிபதி வழக்கிலிருந்தே விலக்கப்பட்டிருந்தார்.

50 ஆண்டு எங்கே, ஏழு நாள் எங்கே! நடந்த செயல் மாறவில்லை. அடி அதே அடி, காயம் அதே காயம். பார்த்துக்கொண்டிருந்த கண்களின் எண்ணிக்கைதான் மாறியது. ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்பார்களே, ஊருக்குள் யாரும் இல்லாதபோது வைத்த சுண்ணாம்பை உலகம் பார்க்கும்போது துடைத்துவிட்டார்கள்.

அத்தனை பெரிய கூட்டம் எப்படித் திரண்டது? கட்சிகள் கூட்டி வந்ததா?

பெரிய கட்சிகளோ பெரிய தொலைக்காட்சிகளோ முதலில் எட்டிப் பார்க்கவில்லை. மாணவர்களின் தாய் தந்தையர்தான் கதவு கதவாகத் தட்டினார்கள். டெக்சஸிலிருந்து ஆலன் பீன் என்ற பாப்டிஸ்ட் போதகர் வந்து, நடந்தவற்றைத் தேதிவாரியாக எழுதிச் செய்தியாளர்களுக்கு அனுப்பினார். அவருக்கு இதில் முன் அனுபவம் இருந்தது. அவர் குடியிருந்த டூலியாவில் 1999-இல் ஒரே ஒரு ரகசியக் காவலரின் சொல்லை நம்பி 46 பேரைப் போதைப்பொருள் வழக்கில் பிடித்தார்கள், பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அந்தச் சொல் நம்பத்தகாதது என்று அம்பலமாகி, 2003-இல் 35 பேருக்கு ஆளுநர் மன்னிப்பு வழங்கினார். 2007 மே மாதம் ஒரு சிகாகோ நாளிதழ் ஜீனா பற்றி எழுதியது. அதன்பின் கறுப்பினத்தவரின் வானொலி நிகழ்ச்சிகளும் இணைய எழுத்துகளும் அதைத் தூக்கிக்கொண்டன. கலர் ஆஃப் சேஞ்ச் என்ற அமைப்பு 3 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளும், வழக்குச் செலவுக்கு 2 லட்சம் டாலருக்கு மேலும் திரட்டியது.

செப்டம்பர் 20 என்பது அந்த மாணவருக்குத் தண்டனை அறிவிப்பதாக இருந்த நாள். தீர்ப்பு முன்னரே ரத்தாகியும் பஸ்கள் நிற்கவில்லை. பல மாநிலங்களிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து, கறுப்பு உடையில் வந்தார்கள். 15,000 முதல் 20,000 பேர் என்பது பரவலான கணக்கு. கறுப்பின உரிமைத் தலைவர்கள் ஜெஸ்ஸி ஜாக்சன், அல் ஷார்ப்டன், மார்ட்டின் லூதர் கிங்கின் மகன் மூன்றாம் மார்ட்டின் லூதர் கிங் வந்தார்கள். கடைகளை அடைத்துவிட்டு ஊர்க்காரர்கள் பலர் வெளியேறியிருந்தார்கள். எந்தக் கலவரமும் நடக்கவில்லை. அன்றிரவு எங்கள் அலெக்சாண்ட்ரியாவில், ஊர் திரும்ப பஸ்ஸுக்காகக் காத்திருந்தவர்களின் எதிரே ஒரு வண்டி சுருக்குக் கயிறுகளைப் பின்னால் தொங்கவிட்டபடி மீண்டும் மீண்டும் போய்வந்தது. ஓட்டியவர் கூட்டாட்சி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார்.

அப்படியானால் பள்ளியில் கயிறு கட்டியவர்கள் மேல் மட்டும் ஏன் வழக்கு வரவில்லை?

இந்தச் செயலுக்குப் பொருந்தும் சட்டப் பிரிவு லூசியானாவில் இல்லை என்று வால்டர்ஸ் 2007 செப்டம்பரில் ஒரு தேசிய நாளிதழில் எழுதினார். அது வெறுப்புக் குற்றமே, ஆனால் சிறார்கள் என்பதால் கூட்டாட்சி வழக்குத் தொடுக்கவில்லை என்றார் டொனால்டு வாஷிங்டன். 2007 அக்டோபரில் நாடாளுமன்றத்தின் நீதித்துறைக் குழு இதை விசாரித்தது. மிரட்டும் நோக்கத்துடன் சுருக்கு தொங்கவிடுவதைக் குற்றமாக்கி 2008-இல் லூசியானா சட்டம் கொண்டுவந்தது.

வால்டர்ஸ் சொன்னதைச் சட்ட அளவில் முழுக்கத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் காலணியில் ஆயுதத்தைக் கண்டுபிடிக்கும் அளவுக்குச் சட்டப் புத்தகத்தைத் துருவியவருக்குக் கயிறு விஷயத்தில் மட்டும் புத்தகம் வெறுமையாகத் தெரிந்தது எப்படி? கறுப்பினத் தாய்மார்கள் கேட்டது இதைத்தான். சிறார்கள் என்பதால் ஒரு பக்கம் வழக்கே இல்லை. மறுபக்கம் 16 வயதுப் பையன் பெரியவர்களின் நீதிமன்றத்தில்.

ஊடகங்கள் மிகைப்படுத்தின என்று ஜீனாவாசிகள் சொல்கிறார்களே, அது உண்மையா?

சிலவற்றில் உண்மை. மரம் பற்றிய தகராறை முன்பே சொன்னேன். கயிறு இரண்டா மூன்றா என்பதில்கூடச் செய்திகள் ஒத்துப்போகவில்லை. கயிறு கட்டியவர்களுக்கு மூன்று நாள் இடைநீக்கம் மட்டுமே என்று எங்கும் எழுதினார்கள். உண்மையில் வேறு வளாகத்தில் ஒன்பது நாள், பிறகு பள்ளிக்குள் தனிமையில் இரண்டு வாரம் என்று அதிகாரிகள் விளக்கினார்கள். பள்ளித் தீயை இனப் பகையாகப் பலர் எழுதினார்கள். ஓராண்டு கழித்துக் கைது நடந்தபோது இனத்துக்கும் தீக்கும் தொடர்பில்லை என்று காவல்துறை சொன்னது.

இந்தத் திருத்தங்களை எல்லாம் அப்படியே ஏற்றுக்கொண்டு கணக்கைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மூன்று வாரத்துக்குச் சற்றுக் கூடுதலான பள்ளித் தண்டனை. இன்னொரு பக்கம் 50 ஆண்டு வரை போகும் குற்றச்சாட்டு. ஜீனாவின் வெள்ளைக்காரர்கள் எல்லோரும் வெறியர்கள் என்று சித்திரித்ததும் அநியாயமே. அந்த ஊரில் நல்ல அண்டை வீட்டுக்காரர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் எங்கள் ஊரில் பிரச்சினையே கிடையாது, வெளியாட்கள் கிளப்பியது என்று அவர்களில் பலர் சொன்னபோது, பக்கத்துத் தெருக் கறுப்பினத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

2006-க்கு முன் அந்தப் பகுதியில் இப்படி எதுவும் நடந்ததில்லையா?

லாசாலுக்கு அடுத்த பாரிஷ் கிராண்ட். அதன் தலைமை ஊர் கோல்ஃபாக்ஸ். 1873 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறு அன்று, தேர்தல் தகராறில் அங்குள்ள நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பினத்தவர்களை ஆயுதம் தாங்கிய வெள்ளையர் படை கொன்று குவித்தது. பலர் சரணடைந்த பிறகு கொல்லப்பட்டார்கள். இறந்தவர்கள் 60-இலிருந்து 150 வரை என்று கணக்குகள் வேறுபடுகின்றன. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1876-இல் குற்றவாளிகள் தப்பினார்கள். தனி மனிதர்களின் வன்முறையில் கூட்டாட்சி அரசு தலையிட முடியாது என்ற அந்தத் தீர்ப்பு, தென் மாநிலக் கறுப்பின மக்களை உள்ளூர் அதிகாரிகளின் தயவில் விட்டுவிட்டது.

கோல்ஃபாக்ஸில் ஏறத்தாழ 1950-இல் மாநில அரசு வைத்த அறிவிப்புப் பலகை அந்தப் படுகொலையைக் கலவரம் என்றது; தெற்கில் வெளியாரின் தவறான ஆட்சிக்கு அது முடிவு கட்டியது என்று பெருமையாகவும் சொன்னது. நான் அந்தப் பலகையின் முன் நின்று படித்திருக்கிறேன். அதைப் பார்த்தபடியே பிள்ளைகள் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 2021-இல்தான் அகற்றினார்கள். 150 ஆண்டு நிறைவில், 2023-இல், கொல்லப்பட்டவர்களின் பெயர்களோடு புதிய நினைவுக்கல் எழுந்தது.

இது நம்மூர் சாதிக் கொடுமை மாதிரிதானா?

எந்த இடத்தில் யார் உட்காரலாம் என்ற கேள்வியைக் கேட்டதும் நமக்கு இரட்டைக் குவளையும் ஊர்ப் பொதுத் திண்ணையும் நினைவுக்கு வருவது இயல்பு. மார்ட்டின் லூதர் கிங் 1959-இல் கேரளம் வந்தபோது, தலித் மாணவர்கள் படித்த பள்ளி ஒன்றில் அவரை அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டத்தகாதவர் என்று அறிமுகம் செய்தார்கள். முதலில் அதிர்ந்ததாகவும், யோசித்தபோது அது உண்மை என்று உணர்ந்ததாகவும் பின்னர் அவரே சொன்னார். அதற்கு மேல் ஒப்பிடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. இரண்டுக்கும் பிறந்த வழி வேறு, சட்ட வரலாறு வேறு.

ஊர் இப்போது எப்படி இருக்கிறது?

வழக்கு முடிந்து இரண்டு வாரத்துக்குள், 2009 ஜூலையில், நூற்றுக்கும் மேற்பட்ட காவலர்கள் விடியற்காலையில் இறங்கிப் போதைப்பொருள் சோதனை நடத்தினார்கள். பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். ஊர்வலத்துக்குப் பழிவாங்கல் என்றார்கள் கறுப்பினக் குடும்பத்தினர். நெடுநாள் திட்டம் என்றது ஷெரிஃப் அலுவலகம்.

ஊரின் ஓரத்தில் ஒரு பெரிய சிறைக் கட்டடம் இருக்கிறது. 1998-இல் சிறார் சிறையாகத் திறந்தார்கள், தனியார் நடத்தியது. பிள்ளைகளை வதைப்பதாகப் புகார் எழுந்து, கூட்டாட்சி நீதித்துறை வழக்குப் போட, 2000-இல் மூடினார்கள். 2005-இல் கத்ரீனா புயலின்போது வேறு சிறைகளின் கைதிகளை அங்கே கொண்டுவந்தார்கள். மறுபடியும் அடி உதைப் புகார்கள். 2007-இல், ஜீனா ஆறுவர் பெயர் உலகெங்கும் ஒலித்த அதே ஆண்டில், குடியேறிகளுக்கான தடுப்பு மையமாக அதைத் திறந்தார்கள். இப்போது ஆயிரம் பேருக்கு மேல் அடைக்கும் இடம். 2025-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பாலஸ்தீன ஆதரவுப் போராட்டத்தில் பங்கேற்ற மஹ்மூத் கலீலை நியூயார்க்கிலிருந்து கொண்டுவந்து மூன்று மாதங்களுக்கு மேல் வைத்திருந்தது அங்கேதான். அந்த ஊருக்கு இன்று முக்கியமான வேலைவாய்ப்புகளில் அதுவும் ஒன்று.

அந்த மரம் இன்னும் இருக்கிறதா?

இல்லை. 2007 ஜூலையில் பள்ளி நிர்வாகம் வெட்டிவிட்டது. பழைய நினைவுகள் போகட்டும் என்று நினைத்திருப்பார்கள். நிழலில் எங்களுக்கும் இடம் உண்டா என்று கேட்ட பிள்ளைகளுக்கு நிழலே இல்லாமல் போனது. எனக்கு அந்தச் செய்தியைப் படித்தபோது வந்த துக்கம் தீர்ப்புச் செய்திக்குக்கூட வரவில்லை.

அந்த ஆறு பேரும் என்ன ஆனார்கள்?

சிலர் ஊரைவிட்டுப் போய்ப் படிப்பை முடித்தார்கள். தியோ ஷா என்பவரை மட்டும் பெயரோடு சொல்கிறேன், ஏனென்றால் தன் கதையைத் தானே மேடைகளில் சொல்லிவருகிறார். கைதானபோது அவருக்கு 17 வயது. ஜாமீன் கட்ட வழியில்லாமல் பல மாதம் சிறையில் இருந்தார். பின்னர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையோடு சட்டம் படித்து 2018-இல் பட்டம் பெற்றார். லூசியானாவுக்கே திரும்பி, மாநில உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி பெர்னெட் ஜான்சனிடம் சட்ட உதவியாளராகப் பணியில் சேர்ந்தார்.

பெர்னெட் ஜான்சன் அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர். 2020-இல் ஒரு வழக்கு அவர் முன் வந்தது: தோட்டக் கத்தரி திருடப் புகுந்ததற்கு ஆயுள் தண்டனை பெற்று, இருபது ஆண்டுக்கு மேல் சிறையில் இருந்த ஒரு கறுப்பினத்தவரின் மனு. அந்தத் தண்டனை சரிதானா என்று பரிசீலிக்க மற்ற நீதிபதிகள் மறுத்தார்கள். அவர் ஒருவர் மட்டும் எதிர்த்து எழுதினார். அடிமை முறை ஒழிந்த கையோடு, பன்றி திருடிய ஏழைக் கறுப்பினத்தவனை ஆண்டுக்கணக்கில் உள்ளே தள்ளக் கொண்டுவந்த சட்டங்களின் வாரிசு இது என்றார். அந்த மனிதர் அதே ஆண்டு அக்டோபரில் பரோலில் வெளியே வந்தார்.